நெய்பர் எழுந்து நிற்கிறது, வழி வரவில்லை: பிஜிபி வடிகட்டிகளில் பிழை தேடும் முறை

"அண்ணா, நெய்பர் அப் ஆகிவிட்டது. ஆனால் ஒரு ரூட்கூட வரவில்லை."

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று இந்த வட்டாரத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும். நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி (ரூட்) சொல்லிக்கொள்ளும் நெறிமுறைதான் பிஜிபி. அப்படி நம்மோடு பேசும் எதிர்முனை ரூட்டர் நெய்பர். எந்த வழியை வாங்குவது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் விதிகள் வடிகட்டி (ஃபில்டர்). அழைப்பவர் காங்கேயம் பக்கம் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் சிறு நிறுவனத்தின் பொறியாளராக இருப்பார். இல்லையென்றால் இரண்டு அப்லிங்க் (மேல் நெட்வொர்க்குக்கான இணைப்பு) வைத்திருக்கும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பொறுப்பு பார்ப்பவராக இருப்பார். அடுத்து அவர் கேட்பதும் எனக்கு மனப்பாடம்: "ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கட்டுமா?"

வேண்டாம், தம்பி. ஐந்து நிமிடத்துக்குக்கூட வேண்டாம். வடிகட்டியை எடுக்காமலேயே அது எதைத் தடுக்கிறது என்று பார்க்க ரூட்டரிலேயே வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம். பிறகு நம் மடை திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். அதன்பிறகுதான், திறந்த மடைத் தண்ணீர் நம் பாத்திக்குப் பாய்கிறதா, வேறெங்காவது ஒதுங்குகிறதா என்ற கேள்வி. இவற்றைப் பார்க்காமல் யாரும் மடையை உடைப்பதில்லை.

பிஜிபியிலும் கேள்வி மூன்றுதான். அண்டை ரூட்டர் அந்த வழியை அனுப்பியதா? அனுப்பியதை நம் வடிகட்டி உள்ளே விட்டதா? உள்ளே வந்ததை நம் ரூட்டர் சிறந்த வழியாகத் தேர்ந்தெடுத்ததா? வெளியே போகும் திசையிலும் இதே போலத்தான்: நம் அட்டவணையில் வழி இருக்கிறதா, நம் வெளி வடிகட்டி அதை விட்டதா, எதிர்முனை அதை ஏற்றுக்கொண்டதா.

சிஸ்கோ ரூட்டர்களிலும், லினக்ஸில் ஓடும் எஃப்ஆர்ஆர் மென்பொருளிலும் இதற்கான கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றே. ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்; ரூட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ் 192.0.2.1 ரிசீவ்டு-ரூட்ஸ்
ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ் 192.0.2.1 ரூட்ஸ்
ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ் 192.0.2.1 அட்வர்டைஸ்டு-ரூட்ஸ்

192.0.2.1 என்பது நெய்பரின் முகவரி. முதலாவது, வடிகட்டிக்கு முன் வந்தவை. இரண்டாவது, வடிகட்டி விட்டவை. மூன்றாவது, நாம் அனுப்புபவை. முதல் கட்டளை வேலை செய்ய அந்த நெய்பருக்கு 'சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட்' போட்டிருக்க வேண்டும். வந்ததையெல்லாம் அது நினைவகத்தில் தனியாக வைத்துக்கொள்ளும். ஆகவே இணையத்தின் எல்லா வழிகளும் அடங்கிய முழு அட்டவணை வரும் நெய்பரில், சிறிய ரூட்டர் என்றால், யோசித்துப் போடுங்கள். ஜூனிப்பரில் 'ஷோ ரூட் ரிசீவ்-புரோட்டோகால் பிஜிபி', 'ஷோ ரூட் அட்வர்டைசிங்-புரோட்டோகால் பிஜிபி'. வடிகட்டி மறுத்தவை அங்கே மறைந்து கிடக்கும். 'ஷோ ரூட் ஹிடன்' அவற்றைக் காட்டும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் நம் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) 64500. மேலே இரண்டு பெரிய நெட்வொர்க்குகள், 64496, 64497. நமக்குக் கீழே ஒரு வாடிக்கையாளர், 64501. நம் முகவரித் தொகுதி 203.0.113.0/24. சாய்கோட்டுக்குப் பின் வருவது தொகுதியின் நீளம்; அந்த எண் கூடக் கூடத் தொகுதி சிறியது. இவை ஆவணங்களில் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். அப்படியே ரூட்டரில் ஒட்டிவிடாமல் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நெய்பர் அப், வந்த வழிகள் பூஜ்யம்

முதலில் 'ஷோ ஐபி பிஜிபி சம்மரி' கொடுத்து, வந்த வழிகளின் எண்ணிக்கை நிற்கும் நெடுவரிசையைப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் 'பாலிசி' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தால், நீங்கள் வடிகட்டியே எழுதவில்லை என்று பொருள். வடிகட்டி இல்லாத வெளி நெய்பரிடம் எதையும் வாங்காதே, எதையும் கொடுக்காதே என்று 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. எஃப்ஆர்ஆர் 7.4 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு நிலை. பழைய பெட்டியிலிருந்து புதிய லினக்ஸ் ரூட்டருக்கு மாறியவர்கள் பெரும்பாலும் இதில்தான் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆரும் இப்படித்தான். அங்கே சம்மரியில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும்.

இந்த இடத்தில் இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழி, 'நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி' என்று எழுதி அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுவது. வழிகள் உடனே கொட்டும், உண்மைதான். ஆனால் அதோடு வெளியே போகும் மடையும் திறந்துவிடுகிறது. அதைச் செய்யாதீர்கள். உள்ளுக்கு ஒரு ரூட் மேப் (வரிசையாகச் சோதிக்கப்படும் விதிகள்), வெளிக்கு ஒரு ரூட் மேப் எழுதிக் கட்டுங்கள். பத்து வரி வேலை.

'பாலிசி' என்ற சொல் இல்லாமல் வெறும் 0 நின்றால் ரிசீவ்டு-ரூட்ஸ் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் மேல் நெட்வொர்க் அனுப்பவில்லை. நம் பக்கத்தில் தேடுவது வீண், அவர்களுக்கு டிக்கெட் போடுங்கள். அதில் நிறைய இருந்து 'ரூட்ஸ்' காலியாக இருந்தால் தடுத்தது நம் வடிகட்டிதான். முகவரித் தொகுதிகளின் பட்டியலான பிரிஃபிக்ஸ் லிஸ்டுக்கும் ரூட் மேப்புக்கும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறுப்பு வரி உண்டு. எதிலும் பொருந்தாத வழி அந்த வரியில் விழுந்து போய்விடும். 'டினை' (மறு) வரிகளை மட்டும் எழுதிவிட்டு இறுதியில் 'பெர்மிட்' (விடு) எழுத மறந்த லிஸ்ட் எல்லாவற்றையும் தடுக்கும்.

மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் இயங்குதளமான ரூட்டர்ஓஎஸ் 6இல் எந்த விதியிலும் பொருந்தாத வழி ஏற்கப்படும். 7இல் அது மறுக்கப்படும். பழைய விதிகளை அப்படியே 7க்குக் கொண்டுவந்தால் முதல் நாளே வழிகள் காணாமல் போகும். நம் பகுதியின் சிறு நிறுவனங்கள் பலவற்றில் இந்தப் பெட்டிகள்தான் ஓடுகின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பெயர்ப் பிழையையும் பார்த்துவிடுங்கள். நெய்பரில் கட்டிய பிரிஃபிக்ஸ் லிஸ்டின் பெயரும், எழுதி வைத்த லிஸ்டின் பெயரும் ஓர் எழுத்து மாறினால் அந்த லிஸ்ட் இல்லாததற்குச் சமம். இல்லாத லிஸ்டைச் சிஸ்கோ ஐஓஎஸ் 'எல்லாவற்றையும் விடு' என்று எடுத்துக்கொள்ளும். எல்லாத் தயாரிப்புகளும் அப்படி நடப்பதில்லை. எழுதியவர் கண்ணுக்கு இந்தப் பிழை தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: டிஃபால்ட் ரூட் மட்டும் வருகிறது, மற்றவை இல்லை

இது பெரும்பாலும் ஒரே காரணம்தான். தேவையற்ற தொகுதிகளையெல்லாம் மறுத்துவிட்டு, கடைசி வரியாக 'பெர்மிட் 0.0.0.0/0' என்று எழுதியிருப்பீர்கள். மனதில் நினைத்தது 'மற்ற எல்லாம்'. ரூட்டர் படிப்பது 'நீளம் பூஜ்யமாக உள்ள அந்த ஒரே வழி', அதாவது வேறு வழி தெரியாதபோது போகும் டிஃபால்ட் ரூட். எல்லா வழிகளும் வேண்டுமென்றால் 'பெர்மிட் 0.0.0.0/0 எல்இ 32' என்று இருக்க வேண்டும்.

எல்இ (இந்த நீளம் வரை), ஜிஇ (இந்த நீளம் முதல்) என்ற இந்த இரண்டு சொற்களில் நான் பார்த்த குழப்பம் வேறெதிலும் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இரண்டும் இல்லாமல் எழுதிய வரி, சொன்ன நீளத்துக்கு மட்டுமே பொருந்தும். 'பெர்மிட் 198.51.100.0/24' என்றால் அந்த /24 மட்டும். அதையே எதிர்முனை இரண்டு /25ஆகப் பிரித்து அனுப்பினால் இரண்டுமே பொருந்தாது. ஒரு /22 தொகுதிக்கு 'எல்இ 24' சேர்த்தால் அதற்குள் அடங்கும் /22, /23, /24 மூன்று நீளங்களும் பொருந்தும். அங்கே 'ஜிஇ 24' மட்டும் எழுதினால் /24 முதல் /32 வரை எல்லாம் உள்ளே வரும். /22உம் /23உம் வெளியே நிற்கும். '/24 வரைக்கும் விடு' என்று நினைத்து ஜிஇ எழுதியவர்களின் அட்டவணையில் /32 துண்டுகள் நிரம்பிக் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மறுக்கும் வரிகளிலும் இதே குழி இருக்கிறது. 'டினை 10.0.0.0/8' என்று மட்டும் எழுதினால் அந்த /8 தடுக்கப்படும், 10.20.0.0/16 சிரமமில்லாமல் உள்ளே வரும். தனியார் முகவரிகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, இணைய நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் 100.64.0.0/10 ஆகிய எல்லாவற்றுக்கும் 'எல்இ 32' சேர்த்தே மறுப்பு எழுத வேண்டும்.

எழுதியதைக் கட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். 'ஷோ ஐபி பிஜிபி பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்' என்று கொடுத்து லிஸ்டின் பெயரைச் சேர்த்தால், ஏற்கெனவே அட்டவணையில் உள்ள வழிகளில் எவை அந்த லிஸ்டுக்குப் பொருந்தும் என்று ரூட்டர் காட்டும். எந்த நெய்பரையும் தொட வேண்டியதில்லை. ஜூனிப்பரில் 'டெஸ்ட் பாலிசி' உண்டு. அங்கே 'கமிட் கன்ஃபர்ம்டு 5' என்று கொடுத்தால், ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானாகவே பின்வாங்கும். பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் ரூட்டரை மாற்றுபவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

அறிகுறி: மறுத்து எழுதிய வழி உள்ளே வருகிறது

பிரிஃபிக்ஸ் லிஸ்டில் 'டினை' இருக்கிறது, ரூட் மேப்பில் அந்த லிஸ்டைக் கட்டியிருக்கிறேன், இருந்தும் வழி வருகிறது என்பார்கள். ரூட் மேப்பின் வரிக்குள் இருக்கும் லிஸ்ட், 'இந்த வழி எனக்குப் பொருந்துகிறதா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. லிஸ்டில் 'டினை' என்றால் 'பொருந்தவில்லை' என்றுதான் பொருள். பொருந்தாத வழி சாவதில்லை. ரூட் மேப்பின் அடுத்த வரிக்குப் போகிறது. அங்கே 'பெர்மிட் 100' என்று நிபந்தனையில்லாத ஒரு வரி நின்றால் உள்ளே வந்துவிடும்.

தடுக்க வேண்டுமென்றால் லிஸ்டில் அந்தத் தொகுதியை 'பெர்மிட்' என்று எழுதுங்கள். மறுப்பை ரூட் மேப்பின் 'டினை' வரியில் வையுங்கள். படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். லிஸ்ட் ஆளை அடையாளம் காட்டுகிறது, ரூட் மேப் தீர்ப்பு சொல்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பழகிவிடும்.

அறிகுறி: வடிகட்டியை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

சிஸ்கோவில் வடிகட்டியை மாற்றினால் அது அதன்பின் வரும் அறிவிப்புகளுக்குத்தான் பொருந்தும். பிஜிபி ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாது. மாற்றம் இருந்தால் மட்டுமே பேசும். ஆகவே பழைய வழிகளை மறுபடி வடிகட்டியில் ஓட்ட நாம்தான் கேட்க வேண்டும்:

கிளியர் ஐபி பிஜிபி 192.0.2.1 சாஃப்ட் இன்
கிளியர் ஐபி பிஜிபி 192.0.2.1 சாஃப்ட் அவுட்

'சாஃப்ட்' என்ற சொல் உயிர். அது இல்லாமல் கொடுத்தால் அமர்வே அறுந்து எல்லா வழிகளும் போய்த் திரும்பி வரும். முழு அட்டவணை, அதாவது ஐபிவி4இல் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள், திரும்ப ஏறும்வரை வாடிக்கையாளர்களின் தொலைபேசி ஓயாது. சாஃப்ட் இன், எதிர்முனையிடம் 'எல்லாவற்றையும் மறுபடி சொல்' என்று கேட்கிறது. ரூட் ரிஃப்ரெஷ் என்ற இந்த வசதி 2000ஆம் ஆண்டிலிருந்து தரத்தில் இருக்கிறது. இன்றைய ரூட்டர்கள் அனைத்தும் அறியும்.

அறிகுறி: நம் தொகுதி வெளியே தெரியவில்லை

அட்வர்டைஸ்டு-ரூட்ஸில் 203.0.113.0/24 இருக்கிறதா? இல்லையென்றால் பிழை நம்மிடம். 'நெட்வொர்க்' வரி ஒரு வழியைத் தானாக உருவாக்காது. அதே தொகுதி, அதே நீளத்தில், ரூட்டிங் அட்டவணையில் முன்பே இருக்க வேண்டும். உள்ளே /26, /27 என்று துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் /24 அங்கே இருக்காது. 'நல்0' (எங்கும் போகாத வாசல்) நோக்கி /24க்கு ஒரு ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி) போட்டு, அதை அட்டவணையில் நிற்க வையுங்கள்.

இருக்கிறது, ஆனாலும் வெளியில் யாருக்கும் தெரியவில்லை என்றால் மேல் நெட்வொர்க்கின் உள் வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். ஒழுங்கான மேல் நெட்வொர்க் நம் தொகுதியைக் கேட்டு, எந்தத் தொகுதியை யார் அறிவிக்கலாம் என்று எழுதி வைக்கும் பதிவேட்டில் சரிபார்த்து, அதை மட்டுமே அனுமதிக்கும். புதிய தொகுதி வாங்கியதை அவர்களுக்குச் சொல்லாமல் அறிவித்தால் அது அவர்கள் வாசலிலேயே நிற்கும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்த வாசல் இல்லாத நெட்வொர்க்கிடம்தான் நான் இணைப்பு வாங்கத் தயங்குவேன்.

சில ஊர்களிலிருந்து தெரிகிறது, சிலவற்றிலிருந்து தெரியவில்லை என்பது வேறு வகை. இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, நீளம்: ஐபிவி4இல் /24ஐவிட, ஐபிவி6இல் /48ஐவிடச் சிறிய துண்டுகளை உலகின் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. இரண்டு, ஆர்பிகேஐ என்ற சான்று முறை. இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம், இந்த நீளம் வரை அறிவிக்கலாம் என்று கையெழுத்திட்ட ஆர்ஓஏ சான்று உங்கள் பெயரில் இருக்கும். சான்றில் உச்ச நீளம் /23 என்று எழுதிவிட்டு, பளுவைப் பிரிப்பதற்காக /24ஆக அறிவித்தால், சோதிக்கும் நெட்வொர்க்குகள் அதை 'இன்வேலிட்' என்று தூக்கிப் போடும், சோதிக்காதவை ஏற்கும். பாதி உலகுக்குத் தெரிவது இதனால்தான். சான்றே இல்லாத தொகுதிகூட 'நாட்ஃபவுண்ட்' என்று பொதுவாக ஏற்கப்படும்; தவறான சான்று அதைவிட மோசம். பிற நெட்வொர்க்குகளின் அட்டவணையைக் காட்டும் லுக்கிங் கிளாஸ் பக்கங்களில் வெளியிலிருந்து பார்த்து, உங்கள் முகவரிப் பதிவகத்தின் தளத்தில் சான்றைத் திருத்துங்கள். திருத்தம் உலகெங்கும் பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை மற்ற எதையும் மாற்றாமல் இருங்கள்.

அறிகுறி: நம் வழி தெரிகிறது, நம் வாடிக்கையாளரின் வழி தெரியவில்லை

வெளி வடிகட்டியில் ஏஎஸ் பாதைக்கு (வழி கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசை) ^$ என்று எழுதியிருப்பீர்கள். வெற்றுப் பாதை, அதாவது நம் நெட்வொர்க்கிலேயே பிறந்த வழி. வாடிக்கையாளர் இல்லாத வரைக்கும் மிக நல்ல வடிகட்டி. 64501 சேர்ந்த நாளில் அவர் வழியின் பாதை '64501' என்று இருக்கும். ^$ அதைத் தடுத்துவிடும். ^64501$ என்று இன்னொரு வரி சேருங்கள். அவர் தன் பாதையை நீட்டுவதற்காகத் தன் எண்ணை இரண்டு மூன்று முறை எழுதுபவராக இருந்தால் ^(64501_)+$ என்று எழுதுங்கள்.

அறிகுறி: எல்லா நெய்பரும் அப், ஆனால் இணைப்பு நிரம்பி வழிகிறது

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மேலே 'வேண்டாம், தம்பி' என்று சொன்னதற்கும் இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியின் ஒரு சிறு இணைய நிறுவனத்தில் இரவு வேலை. ஓர் அப்லிங்கில் வழிகள் சரியாக வரவில்லை. சோதனைக்காக அந்த நெய்பரில் இருந்த ரூட் மேப்களை, உள், வெளி இரண்டையும், எடுத்துவிட்டார்கள். வழிகள் வந்தன. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். காலையில் ஊர் முழுக்க இணையம் நகரவில்லை. எந்த நெய்பரும் கீழே இல்லை, ஃபைபர் எங்கும் அறுபடவில்லை. நான் போய் அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒரே ஒரு தொகுதி வைத்திருந்த அந்த நிறுவனம், ஒரு மேல் நெட்வொர்க்கிடம் கேட்ட முழு அட்டவணையையும் இன்னொரு மேல் நெட்வொர்க்கிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

ஏன் இது உடனே பெரும் பளுவாகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. பெரிய நெட்வொர்க்குகள் தம் வாடிக்கையாளரிடமிருந்து வரும் வழிக்கு அதிக லோக்கல் பிரிஃபரன்ஸ் (முன்னுரிமை மதிப்பு) கொடுக்கும், ஏனென்றால் அந்த வழியில் போனால் அவர்களுக்குப் பணம் வருகிறது. ஏஎஸ் பாதை எத்தனை நீளம் என்று பார்ப்பதற்கு முன்பே இந்த மதிப்பு பார்க்கப்படும். ஆகவே நாம் கசியவிட்ட வழி, சுற்று வழியாக இருந்தும் முதலிடம் பிடிக்கிறது. இரண்டு பெரிய நெட்வொர்க்குகளுக்கு இடையில் ஓட வேண்டிய வெள்ளம் நம் சிறு வாய்க்காலுக்குள் திரும்புகிறது.

அடையாளம் காணும் எளிய குறி: இரண்டு அப்லிங்குகளின் போக்குவரத்து வரைபடங்களையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றில் உள்ளே வரும் கோடும், மற்றதில் வெளியே போகும் கோடும் ஒரே வடிவத்தில் ஏறி இறங்கினால், அது உங்கள் வாடிக்கையாளர்களின் பயன்பாடு அல்ல. கடந்து போகும் வெள்ளம்.

நிறுத்துவதற்கு: இரண்டு அப்லிங்குக்கும், நம் தொகுதியையும் வாடிக்கையாளர் தொகுதியையும் மட்டும் அனுமதிக்கும் வெளி பிரிஃபிக்ஸ் லிஸ்டைக் கட்டி, 'சாஃப்ட் அவுட்' கொடுங்கள். ரூட்டரின் சிபியு திணறி, கட்டளையே ஏறவில்லை என்றால் கசியும் அந்த நெய்பரை 'ஷட்டவுன்' செய்யுங்கள். ஓர் அப்லிங்கில் ஊர் மெதுவாக ஓடட்டும். பிறகு அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் எண்ணிக்கை உங்கள் தொகுதிகளின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். சமமாகும்வரை எழுந்திருக்காதீர்கள்.

நிலையான ஏற்பாடு என்பது கம்யூனிட்டி அடையாளம். வழி உள்ளே நுழையும் இடத்திலேயே முத்திரை குத்துங்கள்: நம் வழிக்கு 64500:100, வாடிக்கையாளர் வழிக்கு 64500:200, மேலிருந்து வந்ததற்கு 64500:300. மேலே போகும் வாசலில் 100, 200 மட்டும் செல்லட்டும். அதோடு பிரிஃபிக்ஸ் லிஸ்டும் இருக்கட்டும். ஒரு பூட்டை யாராவது திறந்து வைத்தாலும் மற்றது நிற்கும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9234 இதை நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. 'நான் வாடிக்கையாளர், நீ கொடுப்பவர்' என்று இரு ரூட்டர்களும் அமர்வு தொடங்கும்போதே சொல்லிக்கொள்ளும். எஃப்ஆர்ஆரிலும், பேர்ட் என்ற இன்னொரு ரூட்டர் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. எதிர்முனையும் ஒத்துக்கொண்டால் போடுங்கள்.

நம் ஊர்ச் சிறு நிறுவனத்தால் உலகத்துக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2019 ஜூன் 24ஐச் சொல்வேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உலோக உற்பத்தி நிறுவனம், நம் ஊர் நூற்பாலைகளைப் போலவே இரண்டு இணைப்பு வைத்திருந்தது. ஒரு இணைய நிறுவனத்திடம் கேட்ட வழிகளை அது பெரிய நெட்வொர்க்கான வெரைசனிடம் சொன்னது. வெரைசன் வடிகட்டாமல் உலகுக்குப் பரப்பியது. அந்த வழிகள் உண்மையானவற்றைவிடச் சிறு துண்டுகளாக இருந்ததால் எங்கும் அவையே வென்றன. கிளவுட்ஃபிளேர் உள்ளிட்ட பல சேவைகள் முடங்கின. அதற்கு முன், 2008 பிப்ரவரி 24இல், பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க 208.65.153.0/24 என்ற வழியை உருவாக்கியது. அது வெளியே கசிந்தது. மேலே இருந்த நெட்வொர்க் தடுக்கவில்லை. யூடியூப் அறிவித்திருந்தது அதைவிடப் பெரிய /22 என்பதால் உலகின் பெரும்பகுதி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல், பாகிஸ்தான் பக்கம் திரும்பிப் போனது. இரண்டு நிகழ்விலும் கசியவிட்டவரிடம் ஒரு வெளி வடிகட்டியோ, ஏற்றவரிடம் ஓர் உள் வடிகட்டியோ இருந்திருந்தால் போதும்.

அறிகுறி: நெய்பர் 'ஐடில்' நிலையில், பக்கத்தில் 'பிஎஃப்எக்ஸ்சிடி'

வாடிக்கையாளர் நெய்பருக்கு நீங்கள் வைத்த மேக்சிமம்-பிரிஃபிக்ஸ் எல்லை தாண்டப்பட்டு, அமர்வு மூடப்பட்டிருக்கிறது. உடனே எல்லையை இரட்டிப்பாக்கி அமர்வை எழுப்ப வேண்டும் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி: ஒரு தொகுதி அறிவிக்க வேண்டியவர் எத்தனை அறிவித்தார்? பதிவில் எண் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மூன்று என்றால் அவர் வளர்ந்திருக்கிறார், எல்லையை உயர்த்துங்கள். ஆயிரக்கணக்கில் என்றால் அவர் பக்கம் மேலே சொன்ன கசிவு நடக்கிறது. எல்லை தன் வேலையைச் செய்திருக்கிறது. அவரை அழைத்து, திருத்தியபின் 'கிளியர்' கொடுங்கள். சிஸ்கோ இயல்பாக எல்லையின் 75 விழுக்காட்டிலேயே எச்சரிக்கை எழுதும். பதிவுகளை யாராவது படித்தால் அமர்வு விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அறிகுறி: கரூர் கிளையின் வழி திருப்பூர் கிளைக்கு வரவில்லை

இரண்டு கிளைகளும் ஒரே ஏஎஸ் எண்ணில் இருந்து, நடுவில் வேறொருவரின் நெட்வொர்க் இருந்தால், தன் எண்ணையே பாதையில் பார்க்கும் ரூட்டர் சுழல் என்று நினைத்து அந்த வழியை எறிந்துவிடும். வடிகட்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நடுவில் இருப்பவர் 'ஏஎஸ்-ஓவர்ரைடு' போடலாம். அல்லது கிளைகளில் 'அலவ்ஏஎஸ்-இன்' போடலாம். இரண்டாவதைப் போட்டால் சுழலைத் தடுக்கும் காவல் போய்விடுகிறது. ஆகவே கிளையின் தொகுதிகளை மட்டும் விடும் லிஸ்டும் கூடவே வேண்டும்.

அறிகுறி: ஓரிரு தளங்கள் மட்டும் திறக்கவில்லை

பழைய வடிகட்டிகளில் 'ஒதுக்கப்படாத முகவரிகள்' என்று ஒரு நீண்ட மறுப்புப் பட்டியல் இருக்கும். அது எழுதிய காலத்தில் சரியாக இருந்திருக்கும். 1.0.0.0/8 தொகுதி 2010 ஜனவரியில் ஆசிய-பசிபிக் முகவரிப் பதிவகமான ஏபிநிக்குக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் அதை மறுக்கும் பட்டியல்களை நான் பார்க்கிறேன். தனியார், சோதனை, மல்டிகாஸ்ட் தொகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்.

அறிகுறி: போட்ட கம்யூனிட்டி எதிர்முனைக்குப் போகவில்லை

சிஸ்கோ ஐஓஎஸில் 'செண்ட்-கம்யூனிட்டி' வரியை நெய்பருக்கு எழுதினால்தான் போகும். எஃப்ஆர்ஆரில் இயல்பாகவே போகும்.

அறிகுறி: ஐபிவி4 சரி, ஐபிவி6இல் எல்லாம் கசிகிறது

ஐபிவி6 வேறு முகவரிக் குடும்பம். வடிகட்டியைத் தனியாக எழுதித் தனியாகக் கட்ட வேண்டும். நான்கில் எழுதியது ஆறுக்குத் தானாகப் பொருந்தாது. இதுவரை சொன்ன எல்லாச் சோதனைகளையும் இன்னொரு முறை ஐபிவி6க்குச் செய்யுங்கள்.

அறிகுறி: நேற்றுச் சரியாகியது, இன்று மறுபடி பழைய நிலை

மின்சாரம் போய் ரூட்டர் மீண்டும் எழுந்திருக்கும்; நேற்று மாற்றியதைச் சேமித்திருக்க மாட்டீர்கள். 'ரைட் மெமரி'. அது இல்லையென்றால், வடிகட்டியைப் பதிவேட்டிலிருந்து தானாக எழுதும் நிரல் ஏதாவது இரவில் ஓடுகிறதா என்று பாருங்கள். அது உங்கள் கைத்திருத்தத்தை அழித்து, பதிவேட்டில் உள்ள பழைய பட்டியலையே மீண்டும் ஏற்றியிருக்கும். அப்படியானால் ரூட்டரைத் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் புதிய தொகுதிக்குப் பதிவேட்டில் ரூட் ஆப்ஜெக்ட் (இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கும் என்ற பதிவு) போடச் சொல்லுங்கள். மறுநாள் காலை அட்டவணையைத் திறந்து, அந்த வழி வந்திருப்பதைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடுங்கள்.